ஒரு மைல் ஜல்லி

இந்த ரோட்டைப் பற்றி ஒருத்தராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றுதான் திருமூர்த்திக்கு முதலில் ஆத்திரம் வந்தது. பத்திரிகையில் கோயில் பேர் போட்டிருந்தார் தங்கச்சி வீட்டுக்காரர், நேரம் போட்டிருந்தார், காலை டிபன் உண்டு என்றுகூடப் போட்டிருந்தார், ரோடு இல்லை என்று மட்டும் போடவில்லை. கோயமுத்தூரிலிருந்து பல்லடம், பல்லடத்திலிருந்து தாராபுரம் ரோடு என்று சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்த கார், செல்லாண்டியம்மன் கோயிலுக்கு வளைவு வைத்திருந்த இடத்தில் திரும்பி நாலு தென்னையைத் தாண்டியதும் நின்றுவிட்டது. பழுதெல்லாம் இல்லை, அவன்தான் பிரேக்கை மிதித்தான். தார் அங்கே முடிந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம், வேப்பமர உச்சியில் கட்டின கூம்பு ஸ்பீக்கர் வெயிலில் மின்னுகிற கோயில் வரைக்கும், நல்லதாக ஒரு மைலுக்கு ஜல்லி. ரோலர் ஏறாத ஜல்லி. நேற்றோ முந்தாநாளோ கொட்டிப் பரப்பியிருக்க வேண்டும், இன்னும் கல்குவாரி வாசம்கூடப் போகவில்லை, ஒவ்வொரு கல்லும் கூராக, எவன் வருகிறான் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறது. பஞ்சாயத்தில் புது ரோடு போடுகிறார்கள் போல. போடட்டும், மகராசனாகப் போடட்டும், ஊருக்கு நல்லதுதானே. அதற்கு இன்றைக்குத்தானா நாள் கிடைத்தது? இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள்ளே தங்கச்சி மகள் மிருதுளாவுக்குக் காது குத்தியாக வேண்டும், குத்தும்போது அவள் தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும், அந்தத் தாய்மாமன் இவன். வேறு ஆள் கிடையாது. தங்கச்சி கலாமணிக்கு உடன்பிறந்தவன் இவன் ஒருத்தன். சட்டைப் பையில் குழந்தைக்கு வாங்கின தோடு ஒரு சிவப்பு டப்பியில் இருக்கிறது, பக்கத்து சீட்டில் பட்டுப்பாவாடையும் தேங்காய் பழமும் வைத்த சீர்த்தட்டு இருக்கிறது. அந்தத் தட்டுக்கு இவன் பெல்ட் வேறு போட்டுவிட்டிருந்தான். இரண்டே பேர் உட்காருகிற இந்தக் காரில் அந்த சீட்டுக்கு அதுதான் முதல் ஆள் என்று வரும் வழியில் ஒரு தடவை தோன்றி, தோன்றினதை உடனே விரட்டியிருந்தான்.

மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது. நடக்கிற வேகத்துக்குப் போகலாம், எறும்பு போகிற வேகத்துக்குப் போகலாம், கல் தெறிக்க வேகம் வேண்டுமல்லவா, வேகமே இல்லாவிட்டால் கல்லுக்கு என்ன வேலை? இப்படித் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு காலை லேசாக எடுத்தான். முன் சக்கரம் ஜல்லியில் ஏறிற்று. நறநறவென்று அந்தச் சத்தம் தரையிலிருந்து சீட்டு வழியாக முதுகுத்தண்டுக்கு வந்தது. டிக். எங்கே பட்டது? இடதுபக்கம், பின்னால். அதுதான், அதேதான், பெயிண்டுக்கு மேலே ஃபிலிம் ஒட்டின கடைக்காரர் சொன்ன இடமேதான். "இந்த மாதிரிக் காருக்குப் போடற டயரு கொஞ்சம் எளகின ரப்பருங் சார். சூடேறுச்சுன்னா கல்ல ஒட்டியெடுத்துப் பின்னால வீசும். எதுத்தாப்புல வர்றவன் எறியறதுக்குத் தள்ளிப் போயிறலாம். உங்க முன் டயரே உங்க பின்பக்கத்து மேல எறியறதுக்கு என்ன பண்ணுவீங்க, சொல்லுங்க?" அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தான். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கார் முழுக்க மேல்தோல் மாதிரி கண்ணுக்குத் தெரியாத ஃபிலிம் ஒட்டித்தான் இருக்கிறது. சோப்புத்தண்ணி அடித்து, இழுத்து, நீவி, ஓரத்தை உள்ளே மடித்து, மூன்று நாள் அந்தக் கடையிலேயே காரை வைத்து ஒட்டினார்கள், இவனும் மூன்று நாளும் அங்கேயே பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தான், நீங்க வீட்டுக்குப் போங்க சார் என்று அவர்கள் சொல்லிப் பார்த்தார்கள், வீட்டில் என்ன இருக்கிறது போவதற்கு? சின்னக் கீறல் விழுந்தால் வெயிலில் நிறுத்தினால் தானே ஆறிவிடும் என்றார் அந்தக் கடைக்காரர். தானே ஆறிவிடும். கேட்கிறதற்கு எவ்வளவு நன்றாக இருந்தது அது! ஆனால் கூர் ஜல்லி வேகமாகப் பட்டால் ஃபிலிமே கிழியும், அதற்கு நான் பொறுப்பு இல்லைங் சார் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டார், மனுசன் பொய் சொல்லத் தெரியாதவர். டிக். இது வலதுபக்கம். திருமூர்த்தி காரை நிறுத்தினான்.

இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தான். ஒன்றும் இல்லை. விரல் நுனியால் தடவிப் பார்த்தான், தூசி இருந்தது, தூசிக்கு அடியில் நாவல்பழ நிறம் அப்படியே இருந்தது. அந்த நிறத்துக்காகத்தான் எட்டு மாதம் காத்திருந்து எடுத்தான், நிழலில் கறுப்பு மாதிரி இருக்கும், வெயில் பட்டால் நாவல்பழத்தைக் கடித்த நாக்கு மாதிரி ஊதா தெரியும். அந்த நிறத்தில் எது பட்டாலும் வெள்ளையாகத் தெரியும், அதுதான் சனியன். வாங்கின மறுவாரமே சூலூர் தாண்டி ஒரு லாரிக்குப் பின்னால் போகும்போது இதே மாதிரி ஒரு டிக். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பானெட்டில் கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளி. கடுகு என்றால் கடுகேதான், அதற்கு மேல் கிடையாது. அந்தக் கடுகு அவனைத் தூங்கவிடவில்லை, சாப்பிடவிடவில்லை, தன் ஃபவுண்டரியில் வார்ப்பு ஊற்றிக்கொண்டிருக்கும்போது கண் முன்னால் வந்து நின்றது. மானேஜர் என்னமோ கேட்க, இவன் பெயிண்ட் என்று பதில் சொன்னான். அதற்கப்புறம்தான் ஃபிலிம். ஃபிலிமுக்கு அப்புறமும் எந்த வண்டிக்குப் பின்னால் போனாலும் ஒரு தென்னந்தோப்பு நீளத்துக்கு இடைவெளி விட்டுத்தான் போவான். அவன் விடுகிற இடைவெளியில் நாலு பேர் வந்து நுழைவார்கள், அந்த நாலு பேருக்கும் பின்னால் மறுபடி இடைவெளி விடுவான், மறுபடி நுழைவார்கள், இப்படியே பின்னுக்குப் போய்ப் போய், ரோட்டிலேயே ரொம்ப வேகமான காரை வைத்துக்கொண்டு ரொம்பக் கடைசியாகப் போகிறவன் அவன்தான். டவுன் பஸ்காரன்கூட ஒரு தடவை முந்திப் போகும்போது திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். சிரிக்கட்டும், அவனுக்கென்ன, பஸ்ஸுக்கு வலிக்கவா போகிறது? கர்ச்சீப்பால் அந்த இடத்தைத் துடைக்கப் போய், தூசியோடு துடைத்தால் கீறும் என்று ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டான்.

போன் அடித்தது. கலாமணி. "அண்ணா, எங்கீங்ணா இருக்கறீங்க?" பின்னால் நாயனச் சத்தமும் குழந்தைகள் கத்துகிற சத்தமும். "வந்துட்டேன் அம்மிணி, கோயில் ஸ்பீக்கர் தெரியுது எனக்கு." "வந்துட்டீங்களா! ஆசாரி வந்து உக்காந்துட்டாருங்ணா. மொட்ட போட்டாச்சு. மாமன் எங்க மாமன் எங்கன்னு கேட்டுட்டே இருக்கறா உங்க மருமக." "அஞ்சே நிமிசம்." சொல்லிவிட்டு வைத்தான். அஞ்சு நிமிஷத்தில் யார் போவது? அவள் குரலில் இருந்த சந்தோசம் போனை வைத்த பிறகும் காதில் கொஞ்ச நேரம் இருந்தது. பன்னிரண்டு வருசம் குழந்தை இல்லை அவளுக்கு. அப்போது இவனிடம் பழைய கார் ஒன்று இருந்தது, அதில்தான் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கும் அவள் ஊருக்கும் அலைந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தறி வேலை, லீவு எடுக்க முடியாது, நானே கூட்டிப் போறேன் என்று இவன்தான் போவான். ஊசி போட்டுத் திரும்பி வரும்போது அவள் ஆரஞ்சுப் பழத்தை உரித்து இவனுக்கு ஒரு சுளை, அவளுக்கு ஒரு சுளை, தோலையெல்லாம் டேஷ்போர்டில் குவிப்பாள். ஒரு தடவை கரு நல்லபடியாகத் தங்கி, மூன்றாம் மாதம் போய்விட்டது. அன்றைக்கு முழு வழியும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். இவன் ஏசியைக் கூட்டுவதும் குறைப்பதுமாகவே வந்தான். அப்புறம் மிருதுளா பிறந்தாள். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து இவன் மடியில்தான் வைத்தாள், தகப்பன் மருந்து வாங்கப் போயிருந்தான். வைத்த கொஞ்ச நேரத்தில் வெதுவெதுப்பாக வேட்டி நனைந்தது. வெள்ளை வேட்டி, புது வேட்டி. சோபாவில் ஒரு சொட்டுக் காப்பி சிந்தினால் வீட்டையே இரண்டாக்குகிறவன், அன்றைக்கு அசையவில்லை சாமி, அசைந்தால் முழித்துக்கொள்ளும் என்று கால் மரத்துப்போகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தான். கட்டிலில் படுத்திருந்த கலாமணி அதைப் பார்த்துச் சிரித்தாள். "இந்த மடி இவளுதுங்ணா. காது குத்தறன்னைக்கு இதுலதான் உக்காருவா, இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். அவன் வாழ்க்கையில் அவனிடம் யாரும் அதற்கு முன்னாலும் பின்னாலும் எதையும் அப்படி உரிமையாகக் கேட்டதில்லை.

மறுபடி ஏறி உட்கார்ந்து நகர்ந்தான். நறநற. ஏசி காற்று, சீர்த்தட்டு மல்லிகைப்பூ வாசம், நறநற. இடது சக்கரத்தை ஓரத்து மண்ணில் விட்டால் பாதிக் கல்லாவது மிச்சம் என்று ஓரங்கட்டினால் அங்கே வேலிக்கருவை முள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. முள் கல்லைவிட மோசம், ஒரே கோடாக இழுத்துவிடும். நடுவுக்கு வந்தான். நடுவில் குவியல், கார் தாழ்வு, அடிவயிறு தட்டும். கொஞ்சம் வலது. டிக் டிக். இந்தச் சத்தத்தோடு எவனாவது பிழைப்பானா? சத்தம் என்றதும் வசுந்தரா ஞாபகம் வந்தாள், வராமல் இருப்பாளா, இத்தனை நேரம் வராததே அதிசயம். கல்யாணமான புதிதில் வாங்கின மெத்தை. நல்ல மெத்தை, அதன் பிளாஸ்டிக் உறையை எடுத்தால் அழுக்காகும் என்று உறையோடேயே மேலே பெட்ஷீட் விரித்தான். திரும்பிப் படுத்தால் மொறுமொறு என்று ஒரு சத்தம். அவள் முதல் வாரம் சிரித்தாள், அப்பறம் எடுத்தர்லாங்க என்றாள், அப்பறம் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் காலையில், "இந்தச் சத்தத்துல எனக்குத் தூக்கம் வர்றதில்லைங்க, நான் அந்த ரூம்ல படுத்துக்கறேன்" என்றாள். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் இவனும் நாலு வார்த்தை பேசியிருப்பான். அந்த ரூமிலிருந்து ஈரோட்டில் அவள் அம்மா வீட்டுக்கு, அம்மா வீட்டிலிருந்து வக்கீல் ஆபீசுக்கு என்று படிப்படியாகத்தான் போனாள், ஒவ்வொரு படியிலும் இவன் கூப்பிட்டிருக்கலாம். எல்லாம் முடிந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்றைக்கு சாயங்காலம் அந்த உறையைத் தானே கிழித்துப் போட்டுவிட்டு மெத்தையில் படுத்துப் பார்த்தான். அடேயப்பா, என்ன அமைதி! பஞ்சு மாதிரி உள்வாங்கிக்கொண்டது, சத்தமே இல்லை, வீட்டில் எங்கேயும் ஒரு சத்தமும் இல்லை. எழுந்து போய்ச் சும்மா மிக்ஸியை ஓட விட்டான். இதையெல்லாம் யாரிடம் சொல்வது? காரை வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை யாரையாவது கூட்டிக்கொண்டு எங்கேயாவது போகலாம் என்றுதான் வாங்கினான். யாரை என்று யோசிக்காமல் வாங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் உறையைக் கழற்றி, ஒரு சுற்றுப் பார்த்து, இன்றைக்கு மழை வரும் போலிருக்கிறது என்று உறையைப் போட்டு மூடிவிட்டு மேலே போய்விடுவான், மழை வந்தது ஒன்றிரண்டு தடவைதான்.

எதிரில் டிப்பர் வந்தது. தூரத்தில் புழுதிதான் முதலில் தெரிந்தது, ஜல்லியைக் கொட்டிவிட்டு வெறும் வண்டியாகத் துள்ளிக்கொண்டு வருகிறது. ஒரு தோட்டத்து நுழைவாயில் தெரிந்தது, நல்லவேளை, அதற்குள் அப்படியே நுழைத்து, டிப்பருக்குக் காரின் பின்பக்கத்தைக் காட்டி நிறுத்தினான். ஏன் பின்பக்கம்? முன்பக்கம் போனால் பானெட், கண்ணாடி, பம்பர் எல்லாம் போகும். டிப்பர் தடதடவென்று போயிற்று, கார் முழுக்க மண் வந்து விழுந்தது, கல் விழவில்லை. தப்பித்தோம். பின்னாலேயே இன்னொரு டிப்பர் வருமோ என்று காத்திருந்தான். வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தான், எதற்கும் இருக்கட்டும் என்று. காரை இங்கேயே விட்டுவிட்டு நடந்தால் என்ன? தட்டை எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முக்கால் மைல், வேகமாக நடந்தால் போய்விடலாம். போய்விடலாம், கார்? இந்த வாசலில் டிராக்டர் வரும், டிப்பர் திரும்பும், ஆடு வந்து சாயும், ஆட்டுக்குக் கொம்பு இருக்கிறது, பையன்கள் வந்து கல்லால் பேர் எழுதிப் பார்ப்பார்கள், எங்கள் ஊர்ப் பையன்களை எனக்குத் தெரியாதா? இருபது நிமிசம் யாருமே வரமாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? நடந்து போய், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, மனசெல்லாம் இந்த வாசலிலேயே இருந்தால் அது என்ன உட்காருவது! காரும் வேண்டும் மடியும் வேண்டும், இரண்டையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், மெதுவாகப் போனால் முடியும், முடியாது என்று யார் சொன்னது?

பின்னாலிருந்து ஒரு மொபெட் வந்து நின்றது. வெள்ளியங்கிரி, சித்தப்பா மகன், இவனைவிடப் பத்து வயசு சின்னவன், முன்னால் இரண்டு கேன் தண்ணியும் ஒரு மூட்டை வாழையிலையும் வைத்திருந்தான். "அண்ணா! என்னங்ணா இங்க நின்னுட்டீங்க? வண்டி நின்னுருச்சுங்களா?" "இல்லடா, ரோடு இப்படி இருக்குது பாரு." வெள்ளியங்கிரி ரோட்டைப் பார்த்தான், காரைப் பார்த்தான், ஜல்லிக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "அதனால என்னங்ணா, மெதுவா வந்தா வந்துரும்." "கல்லு தெறிக்குது. பெயிண்ட் போயிரும்." "ஓ." ஒரு நிமிசம் தலையைச் சொறிந்தான். "அப்பிடின்னா ஒண்ணு பண்ணுங்ணா. இந்தக் கேனை இங்க எறக்கி வெச்சுப்போட்டு உங்கள ஏத்திட்டுப் போறேன். கார் இங்கயே நிக்கட்டும், பொறவு வந்து எடுத்துக்கலாம். ஏறுங்ணா, ஆசாரி கத்திட்டு இருக்கறாரு." ஏறியிருக்கலாம். அந்தச் சீட்டில் ஒரு ஆள் உட்காருகிற இடம் இருந்தது, வெள்ளியங்கிரி கையால் அதைத் தட்டித் துடைத்துக்கூட விட்டான். திருமூர்த்தி ஒரு காலை நகர்த்தினான் என்றுகூடச் சொல்லலாம். அந்த நேரம் பார்த்து, தோட்டத்துக்குள்ளிருந்து நாலைந்து ஆடுகள் வாசலைப் பார்த்து வந்தன. "இல்ல, நீ போ. நான் இப்படியே உருட்டிட்டே வந்தர்றேன்" என்றான். சொன்ன பிறகு அவனுக்கே கூச்சமாக இருந்தது. ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றிற்று. சட்டைப் பையிலிருந்து அந்தச் சிவப்பு டப்பியை எடுத்தான். "இந்தாடா, தோடு. இத மட்டும் கொண்டுபோய்க் கலாகிட்டக் குடுத்துரு. அண்ணன் பின்னாலயே வருதுன்னு சொல்லு. தோடு வந்துருச்சுன்னா அவ மனசு நிம்மதியா இருக்கும்." வெள்ளியங்கிரி டப்பியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கி மடியில் கட்டிக்கொண்டான். மொபெட் ஜல்லி மேல் தத்தித் தத்திப் போயிற்று, வாழையிலை ஆடிற்று, ஒரு திருப்பத்தில் மறைந்தது. சரியான காரியம் செய்தோம் என்று திருமூர்த்திக்கு ஒரு திருப்தி, கொஞ்ச நேரத்துக்கு.

ஆடு போகட்டும் என்று பார்த்துவிட்டு வெளியே எடுத்தான். நறநற. இப்போது கொஞ்சம் மனசு லேசாக இருந்தது, தோடு போய்விட்டது, பாதிக் காரியம் முடிந்த மாதிரி. குழந்தையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று மனசுக்குள் பழகிப் பார்த்தான். இடது கையால் இடுப்பைச் சுற்றி, வலது கையால் தலையை நெஞ்சோடு அணைத்து, தலை ஆடாமல், ஆடினால் ஓட்டை கோணிப்போகும். காதில் மெதுவாகப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், என்ன பேசுவது, குழந்தையிடம் பேச இவனுக்கு எப்போது வந்தது? போனில் பேசினால் அவள்தான் பேசுவாள். மாமா உன் கார் எப்படிக் கத்தும் என்று போன வாரம் கேட்டாள், கீழே இறங்கிப் போய்ப் போனை வைத்துக்கொண்டு ஹாரன் அடித்துக் காட்டினான், வாட்ச்மேன் ஓடி வந்தான். முதல் காதுக்குத் தெரியாது, இரண்டாவது காதுக்குத்தான் கத்துவாள், அப்போது இறுக்கிப் பிடிக்க வேண்டும். அவள் கண்ணீர் சட்டையில் படும், பட்டால் படட்டும். டிக். எங்கே? பரவாயில்லை. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டே நிறுத்தினான். இறங்கவில்லை, கண்ணாடி வழியாகப் பார்த்தான், பார்த்தால் தெரியாது என்று தெரிந்தும் பார்த்தான். அப்போதுதான் நாயனம் நின்றது. கூம்பு ஸ்பீக்கர் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தது.

"கொழந்தையோட தாய்மாமன் எங்கிருந்தாலும் உடனடியா சாமி முன்னாடி வரும்படி கேட்டுக்கறோம். நேரம் ஆகுதுங்க." வயல் மேலாகக் குரல் வந்து மோதிற்று. திருமூர்த்தி, "இதோ வந்துட்டேன்" என்று காருக்குள் சத்தமாகச் சொன்னான். கலாமணிக்கு போன் அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை, கையில் குழந்தையை வைத்திருப்பாள், எப்படி எடுப்பாள்? மறுபடி அடித்தான். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு யாரோ பேசுகிற சத்தம், மூடினாலும் பாதி கேட்டது. "மாமன் இன்னும் வரலையா?" "வந்துட்டே இருக்கறாராம்." "தோடு?" "தோடு வந்துருச்சு." தோடு வந்துருச்சு. அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் திருமூர்த்திக்கு உறைத்தது. அட மடையா! தோடு இவன் பையில் இருக்கிற வரைக்கும் ஆசாரி ஊசியை எடுத்திருக்க முடியாது, ராகு காலமாவது ஒன்றாவது, மாமன் வந்தால்தான் தோடு, தோடு வந்தால்தான் குத்து என்று அத்தனை பேரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். நீயே எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டாயேடா, உன்னை யார் கேட்டார்கள்? இனி எதற்கு அவர்கள் உனக்காகக் காத்திருக்க வேண்டும்? ஸ்பீக்கர் மறுபடி பேசிற்று. "சரி சரி, நேரம் போச்சுன்னா அப்பறம் மத்தியானம்தான். பங்காளி மொறையில அவனும் மாமந்தான். வெள்ளியங்கிரி, கையக் கழுவிட்டு வந்து உக்காரப்பா."

மிதித்தான். அந்தக் காருக்குள் அப்படி ஒரு உறுமல் இருப்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. ஜல்லி சட்டியில் கடலை பொரிகிற மாதிரி அடியிலும் பக்கத்திலும் வெடித்தது, டிக் டிக் இல்லை, படபட படபடவென்று ஒரே சத்தம், ஒவ்வொன்றும் எங்கே படுகிறது என்று மனசு தன் பாட்டுக்குக் குறித்துக்கொண்டே வந்தது, கதவு, இடுப்பு, கண்ணாடி மூடி, போகட்டும், பானெட், போகட்டும். அடிப்பக்கம் குவியலில் மோதி உராய்ந்தது. சீர்த்தட்டிலிருந்து தேங்காய் உருண்டு கீழே விழுந்தது. திருப்பத்தில் இரண்டாவது டிப்பர். வந்தேவிட்டது, இவன் காத்திருந்தபோது வராத டிப்பர். ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றான் டிரைவர், பின்னால் போ என்று கையைக் காட்டினான். பின்னால் போவதா? இடதுபக்கம் வேலிக்கருவைக்கும் டிப்பருக்கும் நடுவே ஒரு சந்து. போகாது, கார் போகாது. திருமூர்த்தி விட்டான். முள் கண்ணாடியில் அறைந்து, கதவோடு கதவாக, முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் கீ... என்று ஒரே இழுப்பாக இழுத்தது, அந்தச் சத்தம் பல்லுக்குள் போயிற்று, நெஞ்சுக்குள் போயிற்று, ஆனாலும் காலை எடுக்கவில்லை அவன், நம்புங்கள், எடுக்கவில்லை. டிப்பரைத் தாண்டி வெளியே வந்த நேரத்தில் ஸ்பீக்கரில் குழந்தை கத்திற்று. மைக்கைப் பக்கத்தில் வைத்திருந்தார்கள் போல. வீல் என்று ஒரு கத்தல், மூச்சு வாங்குகிற ஒரு இடைவெளி, அப்புறம் மாமா மாமா என்று அழுகை. யாரை என்று யாருக்குத் தெரியும், அவளுக்கு எல்லாரும் மாமாதான். நாயனமும் தவிலும் சேர்ந்து கொட்டி அந்த அழுகையை மூடின. கார் தானாக மெதுவாயிற்று. மிச்சமிருந்த தூரத்தை எப்போதும்போல மெதுவாகவே வந்து முடித்தான்.

வேப்பமரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி இறங்கியதும் குழந்தைகள் கூட்டமாக ஓடி வந்தன, ஐ காரு காரு என்று. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கலாமணி வந்தாள், பட்டுச்சேலை, நெற்றியெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு. கோபத்தைத் தேடிப் பார்த்தான், இல்லை. கண்ணில் எங்கேயாவது ஒரு வருத்தமாவது இருக்குமா என்று தேடினான், அதுவும் இல்லை. "வந்துட்டீங்களாண்ணா! நல்லபடியா ஆச்சுங்ணா, ரெண்டே குத்து, தோடு அவளுக்கு அத்தன எடுப்பா இருக்குது. வெள்ளியங்கிரி சொன்னான், ரோடு மோசம்ன்ட்டு அண்ணன் நின்னுட்டு இருக்குதுன்னு. இந்த ரோட்டுல கார எடுத்துட்டு எப்படி வருவீங்க, பாவம், நாந்தான் சொன்னேன், நேரத்துக்குள்ள குத்திரலாம், அண்ணன் ஒண்ணும் நெனைக்காதுன்னு." அண்ணன் ஒன்றும் நினைக்காது. அவள்தான் சொன்னாளா? அவன் வாயைத் திறந்தான், "நான் வந்துட்டுத்தான் அம்மிணி இருந்தேன்" என்று சொன்னான், அது நாயனத்தில் கேட்டிருக்காது. மிருதுளா வந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம், காது இரண்டும் சிவந்து, கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருக்க, காரையே பார்த்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாள். கலாமணி சட்டென்று பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "தொடாத கண்ணு, தொடாத, மாமன் காரு. ஏ புள்ளைகளா, எல்லாரும் தள்ளி நில்லுங்க, அவருக்குப் புடிக்காது." அவள் குரலில் குத்தலே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை அவனுக்கு. "உடு அம்மிணி, தொடட்டும்" என்றான். "ஐயோ, வேண்டாங்ணா, கையெல்லாம் சக்கரப் பொங்கலு." "தொடட்டும்ங்கறேன்!" கத்திவிட்டான். பிள்ளைகள் எல்லாம் பயந்து இரண்டடி பின்னால் போயின. மிருதுளா அவன் முகத்தைப் பார்த்தாள், உதடு பிதுங்கிற்று, திரும்பி ஓடி, கையில் சொம்போடு நின்றிருந்த வெள்ளியங்கிரியின் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டான். "சாப்பிட வாங்ணா, பந்தி போட்டாச்சு" என்றாள் கலாமணி.